மில்பா: பொருள் என்ன, தமிழ்ல என்ன சொல்லலாம்?

மெக்சிகோவுல காட்டைத் திருத்தி பல பயிரைச் சேர்த்து விதைக்கிற முறைக்கு மில்பான்னு பேர். அந்தச் சொல்லை தமிழ்ல எழுதுறப்ப ஊடுபயிர், இல்லன்னா கலப்புப் பயிர்னு போட்டுட்டு போயிடுறோம். அது பத்தாதுன்னு நான் நினைக்கிறேன்.

இது மெக்சிகோவுல அஸ்டெக் மக்கள் பேசின நாவாட்ல் மொழிச் சொல், இன்னிக்கும் பத்து லட்சத்துக்கு மேல பேர் பேசுற மொழி அது. மில்லின்னா விதைச்ச வயல், பான்னா அதுல, அது மேலன்னு அர்த்தம், ரெண்டும் சேர்ந்து ஸ்பானிஷ்காரங்க வாயில மில்பா ஆயிடுச்சு. தென்கிழக்கு மெக்சிகோவுல யுகத்தான் பக்கம் மாயா மக்கள் இதையே கோல்னு சொல்வாங்க.

காட்டுல ஒரு துண்டை வெட்டி, காயவெச்சு, மழைக்கு முன்னாடி எரிச்சு, அந்த சாம்பல் மண்ணுல குச்சியால குழி குத்தி மக்காச்சோளம், பீன்ஸ், பூசணின்னு மூணையும் சேர்த்தே விதைப்பாங்க. சோளத்தட்டையில பீன்ஸ் கொடி ஏறும், அந்த பீன்ஸ் வேர் முடிச்சுல இருக்கிற பாக்டீரியா காத்துல இருந்து நைட்ரஜனைப் பிடிச்சு மண்ணுக்கு சேர்க்கும், பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காப்பாத்தி களையை அமுக்கும், நடுவுல தானா முளைக்கிற கீரையையும் விடமாட்டாங்க, கெலித்தேன்னு பேர் வெச்சு சமைச்சிடுவாங்க. கதிர் முத்தினதும் தட்டையை பாதியில மடக்கி கதிரைத் தலைகீழா தொங்கவிடுவாங்க, அப்பதான் மழைத்தண்ணி உள்ள இறங்காது, செடியிலேயே காயும், வேணுங்கிறப்ப வந்து ஒடிச்சுக்கலாம். ரெண்டு மூணு வருஷம் விதைச்சதும் நிலத்தை காட்டுக்கே விட்டுடுவாங்க, திரும்பி வர பத்து இருபது வருஷம்கூட ஆகும். இந்த ஓய்வுதான் மில்பாவோட உயிர். நிலம் பத்தாம அதைக் குறைச்ச இடத்துல எல்லாம் மண்ணு சத்து இழந்துதான் போகுது.

அடுப்பங்கரையும் இதுல சேர்த்திதான். சோளத்துல லைசின்ங்கிற புரதக்கூறு கம்மி, பீன்ஸ்ல அது நிறைய, ரெண்டும் ஒரே தட்டுல வந்துடுது. சோளத்தை வெறுமனே அரைக்கவும் மாட்டாங்க, சுண்ணாம்புத் தண்ணியில வேகவெச்சு, ராத்திரி பூரா ஊறவிட்டு, காலையில தோல் போக அலசி, மெதாதேன்னு நம்ம அம்மி மாதிரி ஒரு கல்லுல அரைப்பாங்க, அந்த மாவுலதான் தோர்த்தியாங்கிற ரொட்டி தட்டுறது. இப்படி பக்குவம் பண்ணின சோளம் நிஷ்டமால். நாம வெத்தலையில தடவுறோமே அதே சுண்ணாம்புதான், அது சோளத்துல பூட்டிக்கிடக்கிற நியாசின்ங்கிற வைட்டமினை உடம்பு எடுத்துக்கிற மாதிரி அவிழ்த்துவிடுது. ஐரோப்பாவுக்கு சோள விதை போச்சு, பக்குவம் போகல. வடக்கு இத்தாலியில சோளக்களியே கதின்னு கிடந்த ஏழை ஜனங்களுக்கு நியாசின் பத்தாம பெலாக்ராங்கிற நோய் வந்துச்சு, தோல் வெடிச்சு, வயித்தால போயி, புத்தி பேதலிச்சு செத்தாங்க. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல அமெரிக்காவோட தென் மாநிலங்கள்லயும் அதே கொடுமை, 1915ல ஜோசப் கோல்ட்பெர்கர்ங்கிற அமெரிக்க டாக்டர் சோதனை பண்ணி இது தொத்துநோயே இல்ல, சாப்பாட்டுக் குறைன்னு காட்டினார். இத்தனை பேரும் மில்பாவுல இருந்து ஒரு பயிரை மட்டும் உருவி எடுத்ததுக்கு பலியானவங்கன்னுதான் நான் சொல்வேன். 2010ல யுனெஸ்கோ மெக்சிகோ சமையலை பண்பாட்டு மரபுன்னு அங்கீகரிச்சப்ப மில்பாவையும் நிஷ்டமால் பக்குவத்தையும் சேர்த்தேதான் சொல்லியிருக்கு.

இப்ப தமிழுக்கு வருவோம். ஊடுபயிர்னா பாத்தி கட்டின நிலத்துல ஒரு பயிருக்கு நடுவுல இன்னொண்ணு, அவ்வளவுதான். காடு, தீ, ஓய்வு எதுவும் அதுல வராது. நம்மகிட்ட புனம்னு ஒரு சொல் இருக்கு, குறிஞ்சி நிலத்துல குறவர் காட்டைத் திருத்தி தினை விதைக்கிற இடம். ஐங்குறுநூறுல கபிலர் தினை கொய்த இருவியில, அதாவது அரிஞ்ச தட்டையில, அவரை காய்ச்சு தொங்குறதையும் அதைத் தின்ன வர்ற கிளியை விரட்டுறதையும் பாடியிருக்கார். தட்டையில கொடி ஏத்துற அதே யோசனை, அங்க சோளம் பீன்ஸ், இங்க தினை அவரை, ரெண்டு ஊரும் ஒண்ணையொண்ணு பார்த்ததே கிடையாது!

அதனால கலப்புப் புனம்னு எழுதலாம்னு என் கருத்து. மெக்சிகோ பத்தியே பேசுறப்ப மில்பான்னு அப்படியே போட்டு முதல் தடவை மட்டும் பக்கத்துல கலப்புப் புனம்னு குடுத்துட்டா போதும், நிஷ்டமாலுக்கு சுண்ணாம்புப் பக்குவம்.