கருவில் மரபணுத் திருத்தம்: சட்டம் எங்கே கோடு போடுகிறது, ஏன்?

நோயைத் தீர்க்க மரபணுவைத் திருத்தலாம், திறனைக் கூட்டத் திருத்தக் கூடாது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் திருத்தும் கருவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில், வழிகாட்டி ஆர்என்ஏ என்ற சிறு மூலக்கூறின் 20 எழுத்துகள் (வேதி அலகுகள்) டிஎன்ஏவில் தமக்குப் பொருந்தும் இடத்தைத் தேடிப் பிடிக்கும். கேஸ்9 நொதி அங்கே இரண்டு இழைகளையும் வெட்டும். வெட்டை ஒட்டுவது செல்லின் வேலை. ஒட்டும்போது எழுத்துகள் விடுபடலாம், புதிதாக நுழையலாம். மனிதக் கருக்களில் நடந்த ஆய்வுகளில் முழுக் குரோமோசோமே தொலைந்ததும் உண்டு.

2018இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் அறிவித்த, கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். கருக்களுக்கு நோய் எதுவும் இல்லை. தந்தைக்கு எச்ஐவி இருந்தாலும், விந்தணுக்களைக் கழுவிப் பிரித்தாலே தொற்றைத் தவிர்க்க முடியும். ஹே கொடுக்க முயன்றது ஆயுள் முழுக்க எச்ஐவி எதிர்ப்பு. என் கணக்கில் அது திறன்கூட்டல்தான். எச்ஐவி செல்லுக்குள் நுழைய சிசிஆர்5 மரபணு உருவாக்கும் புரதம் உதவுகிறது. சிலருக்கு அந்த மரபணுவில் இயற்கையாகவே 32 எழுத்துகள் இருக்காது. அந்த வடிவம் இரட்டையரில் யாருக்கும் வரவில்லை. ஒருத்திக்கு இரண்டு பிரதிகளும் வேறு விதமாக உடைந்தன. மற்றவளுக்கு ஒரு பிரதியில் 15 எழுத்துகள் போயின, இன்னொரு பிரதி அப்படியே இருந்தது. சிசிஆர்5 இல்லாதவர்களை வெஸ்ட் நைல் வைரஸ் கடுமையாகத் தாக்கும் ஆபத்தும் அதிகம்.

இதைவிடப் பெரிய சிக்கல், திருத்திய கருவைச் சோதித்துப் பார்ப்பதில் இருக்கிறது. கரு பிளவுபடத் தொடங்கிய பிறகும் கேஸ்9 வெட்டிக்கொண்டிருந்தால், செல்லுக்குச் செல் திருத்தம் மாறும். சோதிக்க எடுக்கும் சில செல்களை வைத்து மீதிக் கருவைப் பற்றி உறுதி சொல்ல முடியாது. அரிவாள் செல் நோய்க்கு 2023இல் பிரிட்டன் அனுமதித்த காஸ்கெவி சிகிச்சை அப்படியல்ல. ரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்துத் திருத்தி, சோதித்த பிறகே உடலுக்குள் திருப்பிச் செலுத்துகிறார்கள். நோயாளி சம்மதம் தருகிறார். மாற்றம் பிள்ளைகளுக்குப் போகாது.

அதனால்தான் சட்டங்கள் நோக்கத்தை மட்டும் பார்க்காமல் பரம்பரையில் கோடு போடுகின்றன. ஐரோப்பிய நாடுகளின் 1997ஆம் ஆண்டு ஒவியேடோ உடன்படிக்கை இரண்டையும் கேட்கிறது: மருத்துவ நோக்கம் இருக்க வேண்டும், சந்ததியின் மரபணுத்தொகுதி மாறக் கூடாது. இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் வழிகாட்டுதல்களும் பரம்பரைத் திருத்தத்தைத் தடுக்கின்றன. அமெரிக்காவில் தனிச் சட்டம் இல்லை. கருவில் மரபணுவைத் திருத்தக் கேட்கும் விண்ணப்பங்களை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பரிசீலிக்கக் கூடாது என்ற நிபந்தனையை நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஆண்டுதோறும் சேர்க்கிறார்கள். ஒரு வருடம் விட்டுப்போனால் தடை போய்விடும். ஹேவுக்குச் சீன நீதிமன்றம் 3 ஆண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது.

வெட்டுவதற்குத்தான் இத்தனை காவல். உயரம் போன்ற பண்பில் 12,000க்கும் மேற்பட்ட டிஎன்ஏ மாறுபாடுகளுக்குப் பங்கு உண்டு. அவற்றைத் திருத்துவது இன்று நடக்காத காரியம். ஆனால் இத்தகைய மாறுபாடுகளைக் கூட்டிப் பார்த்துப் பல கருக்களுக்கு மரபணு மதிப்பெண் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு எதையும் வெட்டத் தேவையில்லை. பிரிட்டனில் ஒப்புதல் பெற்ற நோய்களுக்கு மட்டுமே கருவைச் சோதிக்கலாம். அமெரிக்காவில் இந்தத் தேர்வைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் கிடையாது.