ஊரடங்குக் காலச் சம்பளம்: யார் கைக்கு வந்தது, யாருக்கு நின்றது

கொரோனா ஊரடங்கால் தொழிற்சாலையோ கடையோ மூடிக் கிடந்தாலும், பிடித்தம் இல்லாமல் குறித்த தேதியில் சம்பளம் தர வேண்டும் என்று 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. மே 18 முதல் அந்த உத்தரவு இல்லை. இடைப்பட்ட நாட்களின் சம்பளத்தை இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், முடியாவிட்டால் தொழிலாளர் துறையை அணுகட்டும் என்று ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கம் உள்ள ஆலையில் பேச ஆள் உண்டு. மற்ற இடங்களில் யார் போய்ப் பேசுவது?

அதிகம் அடிபட்டவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒப்பந்ததாரர் மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டி, இத்தனை ஆள், இத்தனை நாள் என்று கம்பெனிக்கு பில் போடுவார். ஆலை மூடினால் பதிவேட்டில் 'பி' (பிரசென்ட், அதாவது வந்தார் என்ற குறி) விழாது. 'பி' இல்லாவிட்டால் பில் இல்லை, பில் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. ஒப்பந்ததாரர் தராத கூலியை முதன்மை வேலையளிப்பவரே, அதாவது அந்தக் கம்பெனியே தந்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21(4) பிரிவு சொன்னது. ஆனால் அதைக் கேட்க, அந்த கேட்டுக்குள் வேலை பார்த்ததைக் காட்டியாக வேண்டும். கேட் பாஸைத் திருப்பி வாங்கிவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? பாஸ், வருகை அட்டை இரண்டையும் மாதாமாதம் போட்டோ எடுத்து வையுங்கள். சூப்பர்வைசர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள்.

வெளிமாநிலத் தொழிலாளருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்ததாரர் அழைத்து வந்தவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. சொந்தக்காரரோடு ரயிலேறி வந்தவர் அதில் வரவில்லை. வீட்டு வேலை செய்யும் பெண்களின் நிலை இன்னும் மோசம். மார்ச் 29 உத்தரவில் கடை இருந்தது, நிறுவனம் இருந்தது, வீடு இல்லை.

பி.எஃப். உள்ளவர்களுக்கு, இருப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், எது குறைவோ அதை எடுக்க அனுமதி கிடைத்தது. அங்கேயும் இனிஷியல் காலை வாரும்: ஆதாரில் ஒரு மாதிரி, பி.எஃப். கணக்கில் வேறு மாதிரி இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டில், வேலையிழந்தவருக்குச் சராசரி நாள் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரை கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டு காப்பீட்டு வேலையில் இருந்திருக்க வேண்டும், 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் புது காப்பீட்டு எண் போட்டுவிட்டால், பழைய நாட்கள் பழைய எண்ணிலேயே நின்றுவிடும்.

வேலை நடந்த இடத்திலும் அநியாயம் நடந்தது. குஜராத் அரசு வேலை நேரத்தை நாளுக்கு 12 மணி நேரமாக்கி, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் வேண்டாம் என்றது. தொற்றுநோய் தொழிற்சாலைகள் சட்டம் சொல்லும் பொது அவசரநிலை ஆகாது என்று 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உழைத்த கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தரவும் உத்தரவிட்டது. சரியான தீர்ப்பு. ஆனால் அதன்படி கேட்கவும் மணிக் கணக்கு வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் இருக்கின்றன. நியமனக் கடிதம் கட்டாயம். தானாக வந்த வெளிமாநிலத் தொழிலாளரும் இப்போது கணக்கில் சேர்கிறார். கடிதம் தந்தால், வேலையில் சேர்ந்த தேதியும் நீங்கள் உண்மையில் வேலை பார்க்கும் இடத்தின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.