கேஷ்: அணைத்தாலும் போகாத ‘தற்காலிகம்’

போன வாரம் சித்தப்பா கூப்பிட்டார். ஒரு இணையதளத்தில் தன் படத்தை மாற்றியிருக்கிறார். போனில் பார்த்தால் புதுப்படம் வருகிறது, கணினியில் மட்டும் பத்து வருடத்துக்கு முந்தைய பழைய படமே நிற்கிறது. அந்தத் தளத்தின் உதவிப் பக்கம் தமிழிலேயே வழி சொல்லியிருந்தது: ‘தற்காலிக நினைவகத்தை அழிக்கவும்’.

“அதுக்காகத்தான் மூணு தடவை அணைச்சுப் போட்டேன். போகவே மாட்டேங்குது.”

“அணைச்சா எப்படிப் போகும் சித்தப்பா?”

“தற்காலிகம்னுதானே போட்டிருக்கான்? தற்காலிகம்னா அணைச்சா போயிடணும்ல?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவர் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். எழுதிய ஆள்தான் சரியாக எழுதவில்லை. இதே தொடரை எத்தனையோ திரைகளில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியிருக்கிறேன். இந்த முறை தாண்ட மனம் வரவில்லை.

அந்தத் ‘தற்காலிக நினைவகம்’ என்ற தொடருக்குப் பின்னால் இருக்கும் ஆங்கிலச் சொல் கேஷ் (cache). ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ் அல்ல. ஒலி ஒன்று, ஊர் வேறு. இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே சிலர் ‘கேச்’ என்கிறார்கள், சிலர் ‘கேட்சே’ என்றுகூட எழுதுகிறார்கள். பிரெஞ்சில் ‘காஷே’ என்றால் ஒளித்துவைத்தல். வட அமெரிக்கக் காடுகளில் தோலுக்காக விலங்கு பிடித்துத் திரிந்த பிரெஞ்சு வேட்டையாடிகள், திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று உணவையும் சாமான்களையும் வழியில் மறைத்துவைத்துவிட்டுப் போவார்கள். அந்த மறைவிடத்தின் பெயர்தான் ஆங்கிலத்துக்குப் போனது. கணினிக்கு வந்தது 1960களின் கடைசியில். 1965-ல் கேம்பிரிட்ஜின் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் இந்த யோசனையை எழுதியபோது வைத்த பெயர் ‘அடிமை நினைவகம்’. ஐபிஎம் நிறுவனம் தன் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் இதைப் பொருத்தியபோது அங்கிருந்தவர்கள் முதலில் எழுதியது ‘அதிவேக இடையகம்’. 1968-ல் கட்டுரை அச்சேறியபோது அது கேஷ் ஆகியிருந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

கேஷ் செய்யும் வேலை எளிமையானது. தூரத்திலோ மெதுவான இடத்திலோ இருக்கும் ஒன்றை ஒருமுறை கொண்டுவந்த பிறகு, அதன் படி ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. மறுபடி கேட்டால் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. மூலம் அதனுடைய இடத்தில் பத்திரமாக இருக்கிறது. கணினியின் மூளையான செயலிக்குள் (ப்ராசஸர்; போனில் போடும் ஆப் அல்ல) எல்1, எல்2, எல்3 என்று அடுக்கடுக்காக இருப்பதும் இதுதான். உலாவி (ப்ரௌசர்) வைத்திருக்கும் படங்களும் எழுத்துருக்களும் இதுதான். இணைய முகவரிக்கு எந்த எண் என்று விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் டிஎன்எஸ் பட்டியலும், கோப்புறையைத் திறந்ததும் சட்டென்று தெரியும் சிறுபடங்களும்கூட இதே சாதிதான். பக்கத்தில் இருக்க வேண்டும், படியாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் கேஷ்.

இப்போது ‘தற்காலிக நினைவகம்’ என்ற தொடரைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பதும் அதில் இல்லை, படி என்பதும் இல்லை. சரி, தற்காலிகமாவது உண்மையா? பல தளங்கள் தங்கள் படத்தோடு உலாவிக்கு ஒரு குறிப்பும் அனுப்புகின்றன: இதை 31536000 விநாடி வைத்துக்கொள். வகுத்துப் பாருங்கள், சரியாக 365 நாள். வன்தட்டில் ஒரு வருடம் உட்கார்ந்திருக்க அனுமதி வாங்கி வந்ததற்குத் தற்காலிகம் என்று பெயர்! கணினியை அணைத்தாலும் போகாது, உலாவியை மூடினாலும் போகாது. உண்மையிலேயே அணைத்தால் போவது, வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் நினைவகமான ரேமில் இருப்பது. அதை விளக்கும்போதும் நாம் ‘தற்காலிக நினைவகம்’ என்றுதான் சொல்கிறோம். நகலெடுத்து ஒட்டும்போது இடையில் தங்கும் பிடிப்புப்பலகையை யாரோ தற்காலிக நினைவகம் என்று மொழிபெயர்த்ததையும் பார்த்தேன். விண்டோஸில் ‘டெம்ப்’ என்ற கோப்புறை வேறு இருக்கிறது. அதில் இருப்பவை நிஜமாகவே தற்காலிகக் கோப்புகள், அவற்றுக்கு வேறிடத்தில் மூலம் கிடையாது. இந்த நான்குக்கும் ஒரே பெயர் வைத்தால் சித்தப்பா மூன்று தடவை என்ன, முப்பது தடவை அணைத்துப் போடுவார்.

எனக்கு ஒரு சந்தேகம். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவி தன் கேஷ் கோப்புறைக்கு ஆங்கிலத்திலேயே ‘தற்காலிக இணையக் கோப்புகள்’ என்று பொருள்படும் பெயர்தான் வைத்திருந்தது. தமிழ்த் தவறின் விதை அங்கேயே விழுந்திருக்கலாம். அப்படியானால் கேஷை மொழிபெயர்க்கவில்லை, யாரோ அதற்குச் சொன்ன அரைகுறை விளக்கத்தை மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

அதை விட மோசம் ‘அழி’. கோப்பை நீக்குவதும் ‘அழி’, வன்தட்டைத் துடைப்பதும் ‘அழி’, கேஷைக் காலி செய்வதும் ‘அழி’. ஆங்கிலத்தில் நாலைந்து சொல் இருக்கும் இடத்தில் தமிழில் ஒரே சுத்தியல். ‘நினைவகத்தை அழிக்கவும்’ என்று படித்ததும் பேரனின் படங்கள் போய்விடும் என்று கையை எடுத்துக்கொள்பவர்கள் புத்திசாலிகள். காலி செய்வதால் நிஜத்தில் நடப்பது, அடுத்த முறை அந்தப் பக்கம் கொஞ்சம் மெதுவாகத் திறப்பது, அவ்வளவுதான். (கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் அழுத்தினால் க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் அந்தச் சாளரம் வரும். குக்கீ என்பது நீங்கள் யார் என்று தளம் உலாவியில் வைக்கும் சிறு குறிப்பு, அதில் டிக்கை எடுத்துவிடுங்கள்; இல்லையென்றால் எல்லாத் தளத்திலும் மறுபடி கடவுச்சொல் போட வேண்டிவரும். ஒரே ஒரு பக்கம் மட்டும்தான் பழசாகத் தெரிகிறது என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம். கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்தினாலே போதும்.)

மொழிபெயர்ப்பவரை மட்டும் திட்டிப் பயனில்லை என்பதும் தெரியும். அவர் கையில் கொடுப்பது திரை இல்லை, ஒரு நீண்ட பட்டியல். இடது பக்கம் ஆங்கிலத் துண்டு, வலது பக்கம் காலியிடம். பொத்தானா தலைப்பா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் ஒரு சொல்லைப் போடும் முன் அந்தப் பொத்தானைத் தன் கணினியில் ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்திருக்கலாம்.

அப்புறம் எதிர்முகாம். தனித்தமிழ் அன்பர்கள் வைத்த பெயர் ‘பதுக்ககம்’. இதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. பதுங்கு, பதுக்கு என்று வேர் சுத்தமாக இருக்கிறது. ஒளித்துவைத்தல் என்ற மூலப் பொருளும் கச்சிதமாகப் பொருந்துகிறது. சங்கப் பாட்டில் வழியில் மாண்டவர் மேல் கல் குவித்து மூடியதைப் பதுக்கை என்பார்கள். அவ்வளவு பழைய குடும்பம். இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும்: கேஷ் இருப்பது அதைப் பயன்படுத்தும் நிரலுக்கே தெரியாது, அது பாட்டுக்குக் கேட்கும், பக்கத்திலிருந்து வந்துவிடும். அந்த வகையில் ஒளிந்திருப்பது என்பது பொய்யில்லை.

ஆனால் இன்றைக்குப் பதுக்கல் என்றால் என்ன? கிடங்கில் மூட்டையை அடுக்கிவைத்துவிட்டுச் சரக்கு இல்லை என்று கைவிரிப்பது. கேட்டால் கொடுக்காமல் இருப்பதற்காகச் செய்வது பதுக்கல். கேட்ட மாத்திரத்தில் கொடுப்பதற்காக இருப்பது கேஷ். நேர் எதிர்! பிரெஞ்சுக்காரர் வேரைத் தோண்டி எடுத்து அதற்குத் தமிழ் கண்டுபிடித்தார்கள், கணினிக்குள் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்க்க மறந்துவிட்டார்கள். இந்த வேர் பார்க்கும் வியாதி இங்கே நிறைய உண்டு. சொல் பிறந்த வீட்டைவிடப் புகுந்த வீட்டில் என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

‘விரைவு நினைவகம்’ என்பதும் உண்டு. செயலிக்குள் இருப்பதற்குப் பழுதில்லை. வன்தட்டில் கிடக்கும் உலாவியின் கேஷை விரைவு நினைவகம் என்றால் வன்தட்டே சிரிக்கும். ‘இடைமாற்று நினைவகம்’ என்றால் ஏதோ இரண்டு பொருள்களை மாற்றிப்போடுவது போல இருக்கிறது. ரேமில் இடம் போதாதபோது அதில் இருப்பதை வன்தட்டுக்கு மாற்றிப்போடும் அந்த வேலைக்கு ‘ஸ்வாப்’ என்று வேறு கோப்பு இருக்கிறது.

எனக்குப் பிடித்தது புதுச்சொல்லே இல்லை: கையிருப்பு. எட்டும் தூரத்தில், உடனே எடுத்துக்கொடுக்கத் தயாராக இருப்பது. வினைகளும் தானாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. ‘உலாவியின் கையிருப்பைக் காலி செய்’ என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள்; தீர்ந்தால் மறுபடி வரவழைத்துக்கொள்ளலாம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘கையிருப்பில் இருந்தது, இல்லை’ என்று பொறியாளர்களும் பேசிக்கொள்ளலாம். ‘கையிருப்பு பழசாகிவிட்டது’ என்றால் சித்தப்பாவின் படத்துக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே புரியும். செயலிக்குள் இருப்பதைத் தனித்துச் சொல்ல வேண்டுமென்றால் ‘கையிருப்பு நினைவகம்’. குறை இருக்கிறது: கையிருப்பு மூலச்சரக்காகவும் இருக்கலாம், படிதான் என்று அது அடித்துச் சொல்லவில்லை. தேவைப்படும் இடத்தில் ‘கையிருப்புப் படி’ என்று போட்டுக்கொள்ளலாம். நான் போட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பெருமையோடு சித்தப்பாவிடமே சோதித்துப் பார்த்தேன். பொத்தான் எங்கே என்று காட்டிவிட்டு, “அது தற்காலிகம் இல்ல சித்தப்பா, கையிருப்புன்னு வெச்சுக்கங்க, அதைக் காலி பண்ணுங்க” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முப்பது வருடம் கணக்கெழுதிய மனிதர்.

“கையிருப்புன்னா ரொக்கம்ல? கேஷ் பேலன்ஸ்ல? அதை ஏம்பா காலி பண்ணச் சொல்றே?”