கர்ப்பத்தில் கண் மங்கினால் முதலில் பிரஷர்

வளைகாப்பு முடிந்த பெண் “கண் முன்னால மின்னுது, எழுத்து கலங்குது” என்றால், சென்னை வீடுகளில் முதலில் வெயிலைத்தான் குறை சொல்வார்கள். அடுத்தது கண்ணாடிக் கடை. தயவுசெய்து இரண்டையும் விட்டுவிட்டு உடனே பிரஷர் பாருங்கள். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்து, சிறுநீரிலும் புரதம் போனால், அது பிரீஎக்லாம்சியா.

இதன் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கருப்பையின் ரத்தக் குழாய்கள் போதிய அளவு விரியாதபோது, ரத்தம் குறைந்த நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அவை உடம்பு முழுக்கக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. குழாய் இறுகும், நீர் கசியும்.

விழித்திரையின் நுண்குழாய்கள் இறுகினால் மங்கலும் மின்னலும் தெரியும். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்தால் அது தன் இடத்தைவிட்டு எழும்பிவிடும். கேட்கவே பயமாக இருந்தாலும், பெரும்பாலும் ஆபரேஷன் தேவையில்லை. பிரசவமாகிச் சில வாரங்களில் நீர் வற்றிவிடும். மூன்றாவது வகைக்குக் கண்ணே காரணமில்லை. மூளையின் பின்பகுதி வீங்குவதால் பார்வை முழுக்கப் போய்விடும். ஆனால் டார்ச் அடித்தால் கண் பாப்பா ஒழுங்காகச் சுருங்கும். கண்ணைச் சோதித்துவிட்டு “கோளாறு இல்லை” என்று அனுப்பினால் அடுத்து வலிப்பே வரலாம்.

பிரஷர் 160/110-ஐத் தொட்டு 15 நிமிடம் கழித்தும் இறங்காவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் லாபெட்டலால் அல்லது நிஃபெடிபின் கொடுத்தாக வேண்டும். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்ஃபேட், முதல் டோஸ் ரத்தக் குழாய் வழியாக 4 கிராம், மெதுவாக. இந்த மருந்தே அளவு மிஞ்சினால் பார்வையை இரட்டையாக்கும். அதனால்தான் நர்ஸ் அடிக்கடி முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார்: கால் துள்ளாவிட்டால் மருந்தை நிறுத்த வேண்டும், மூச்சும் குறைந்தால் கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டில் ஃபினைல்எஃப்ரின் இருந்தால் பிரஷர் ஏறலாம். கர்ப்பம் என்பதைச் சொட்டு விடும் முன்பே சொல்லுங்கள்.

எழும்பூரில் அரசு மகப்பேறு மருத்துவமனையும் உண்டு, 1819-இல் தொடங்கிய கண் மருத்துவமனையும் உண்டு. கர்ப்பிணி முதலில் போக வேண்டியது மகப்பேறுக்கு. தலைவலி, மேல்வயிற்று வலி சேர்ந்திருந்தால் ஆட்டோ தேடாமல் 108-ஐ அழையுங்கள். குழந்தை பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிரஷர் மறுபடி ஏறுவது உண்டு. பிரசவமாகி ஆறு வாரம்வரை கண் மங்கினாலும் இதே அவசரம்தான்.