தூக்க சிரப் வேண்டாம், காலையில் எழுப்புங்கள்

கொரோனாவால் மூடியிருந்த பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகளுக்கும் திறந்தபின், சளி காய்ச்சலுக்கு அடுத்தபடியாக என்னிடம் கேட்கப்பட்டது, "தூங்குறதுக்கு ஒரு சிரப் எழுதிக் கொடுங்க டாக்டர்."

அப்போது வந்த ஒரு பையன் ஏழாம் வகுப்பு. இரவு இரண்டு மணிக்குத் தூங்கி காலை பதினொன்றுக்கு எழுவான். ஆன்லைன் வகுப்பு நேரத்தில் அம்மா போனைப் போர்வைக்குள் நீட்டுவார்; "பிரசன்ட் மிஸ்" சொல்லிவிட்டு மறுபடி உறக்கம். "ஒன்பது மணிக்கே லைட்டை அணைச்சுடறோம் சார், புரண்டுக்கிட்டே கிடக்கான்" என்றார் அப்பா.

புரளாமல் என்ன செய்வான்? அவன் உடம்புக்கு அப்போது மாலை நாலரை மணி. உங்களை நாலரைக்குப் படுக்கச் சொன்னால் தூங்குவீர்களா? தூக்கத்தை மிரட்டி வரவழைக்க முடியாது. நம் கையில் இருப்பது எழும் நேரம் மட்டும்தான். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடல் கடிகாரம் முன்னால் நகரும். பதின்ம வயதில் அது இயல்பாகவே தாமதமாக ஓடும். பள்ளி பஸ்ஸும் பிரேயரும் தினமும் இழுத்துப் பிடித்தன. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும் அந்தப் பிடி போனது. போனை மட்டும் திட்டிப் பயனில்லை. (அப்பா போன் எத்தனை மணிக்கு அணைகிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை.)

அதனால் பள்ளிக்கு எழ வேண்டிய நேரம் வரும்வரை, தினமும் முந்தைய நாளைவிட அரை மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். எழுந்ததும் மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ அனுப்புங்கள். வகுப்பு இல்லாத நாளிலும், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். ஒரு நாள் பதினொன்று வரை விட்டால் பழைய கதைதான். மதியத் தூக்கம் கிடையாது. பள்ளி வயதில் ஒன்பது மணி நேரமாவது வேண்டும். பதின்மூன்றுக்கு மேல் எட்டு முதல் பத்து.

தூங்க வைக்கச் சளி மருந்து ஊற்றுகிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். சில குழந்தைகளுக்கு அது தூக்கத்தைக் கெடுத்து ஆட்டம்தான் போட வைக்கும்.

வீட்டில் கொரோனா வந்து போனபின் தனியாகப் படுக்கப் பயப்படும் குட்டிகளைத் திட்டாதீர்கள். கொஞ்ச நாள் பக்கத்தில் படுக்கட்டும்.

எடை கூடி, தினமும் குறட்டை விட்டால் அது வேறு விஷயம், காட்டுங்கள். தூக்கம் கெட்டதோடு சாப்பாடும் பேச்சும் குறைந்தால், "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி ஏதாவது வாயில் வந்தால், அன்றைக்கே கூட்டி வாருங்கள்.