பேகார்: சொல்லும் கணக்கும்

"பையன் பேகாராத்தான் இருக்கான்." தாராவியில் தமிழ் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. வேலை கிடைக்காதவன் என்பது ஒரு பொருள். ஒன்றுக்கும் உதவாதவன் என்பது இன்னொன்று. மராத்தியிலும் இந்தியிலும் இதே இரண்டு பொருளும் உண்டு.

சொல் பாரசீகம். 'பே' என்றால் இல்லாத, 'கார்' என்றால் வேலை. பினாமியில் இருப்பதும் இந்தப் 'பே'தான்: பெயர் இல்லாதது. சர்க்காரில் இருப்பதும் இந்தக் 'கார்'தான்: 'சர்' என்றால் தலை. பேகாருக்கும் சர்க்காருக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

தமிழில் 'வெட்டி' என்று சொல்லலாமா? வேண்டாம். சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்பது கூலி தராமல் வாங்கிய உழைப்பு. உழைத்தவர்களின் சொல் இன்று வசவாகிவிட்டது. வேலையின்மை, வேலையற்றவர் என்பவையே சரி. அவற்றில் ஆளின் மேல் பழி இல்லை.

ஆனால் வேலையின்மை என்பதற்குப் புள்ளிவிவரத்தில் குறுகிய பொருள். வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. வேலை தேட வேண்டும், அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருக்க வேண்டும். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர் இதில் வரமாட்டார். படித்து முடித்துத் தேட ஆரம்பித்ததும் வருவார். நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களைவிடப் பட்டதாரிகளிடம் வேலையின்மை விகிதம் அதிகம். ஏழைக்குக் காத்திருக்க வசதி கிடையாது, கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார். இதைக் காட்டி, பள்ளிக்குச் செலவழித்தது வீண் என்று பேசுவது தவறு. கல்விக்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 விழுக்காடு வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு 1966-இல் சொன்னது. 2020 கல்விக் கொள்கையிலும் அதே 6தான். செலவு இன்னும் அந்த அளவை எட்டவில்லை.

சுகாதாரச் செலவையும் இப்படி வேலையின்மைக் கணக்கைக் காட்டி வீண் என்று சொல்லக் கூடாது. எங்கள் சந்தில் ஓர் அக்கா இருக்கிறார். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடியற்காலையில் டப்பாவில் இட்லி, ஒரு பை நிறைய ரிப்போர்ட், அப்புறம் டாக்ஸி. திரும்பும்போது மதியம் ஆகிவிடும். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டார், தேடவும் இல்லை. சந்தில் அவரைப் பேகார் என்கிறார்கள். அரசாங்கக் கணக்கில் அவர் வேலையற்றவரே இல்லை.

சந்துக்குப் பக்கத்திலேயே ஓர் அரசு டயாலிசிஸ் நிலையம் வந்தால், செவிலியர், டெக்னீஷியன், துப்புரவுப் பணியாளர் என்று அங்கே சிலருக்கு உடனே வேலை. அக்காவும் வேலை தேடக் கிளம்புவார். கிளம்பும் அன்றைக்குக் கணக்கில் வேலையற்றவர் ஒருவர் கூடுவார்.