எண்ணெய் வழியும் மண்டை, காய்ந்த நுனி: எந்த ஷாம்பு வாங்குவது?

“டாக்டர், மண்டை பூரா பொடுகு. ஆனா முடி காஞ்சி கெடக்கு. கொட்டவும் கொட்டுது. எல்லாத்துக்கும் சேத்து ஒரே ஷாம்பு எழுதிக் குடுங்க.”

பழைய வண்ணாரப்பேட்டையில் தோல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த வேண்டுகோள் வராத வாரம் இல்லை. கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொடுகு ஷாம்பு போட்டால் முடி வறண்டுபோகிறது. வறட்சிக்கு என்று வேறொன்றுக்கு மாறினால் பொடுகு திரும்பி வருகிறது. நடுவில் தோழி ஒன்று சொல்கிறாள், பார்லர் அக்கா ஒன்று சொல்கிறார், யூடியூப் இன்னொன்று சொல்கிறது. குளியலறை அலமாரி நிறைந்துவிடுகிறது, அரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இவர்களை இப்படி அலையவிடும் அரைகுறை அறிவுரைகள் மேல்தான் எனக்குக் கோபம்.

போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து வந்த பெண்ணைப் பார்த்த பிறகு எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். அக்கா கல்யாணத்துக்காக முடியை ஸ்மூத்தனிங் (ரசாயனம் போட்டு நேராக்குவது) செய்து, அதன் மேல் பழுப்பு கலரும் போட்டிருந்தார். செய்த இடத்தில், ‘சல்ஃபேட் இல்லாத ஷாம்பு மட்டும்தான், அதுவும் வாரம் ஒருமுறைதான்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். (சல்ஃபேட் என்பது ஷாம்புவில் நுரை தந்து எண்ணெயையும் அழுக்கையும் எடுக்கும் பொருள்.) சில வாரங்களில் மண்டை அரிக்கத் தொடங்கியது. அம்மா பார்த்துவிட்டு, ‘உடம்பு சூடு, மண்டை காஞ்சிபோச்சு’ என்று தினமும் தேங்காய் எண்ணெயை அழுத்தித் தேய்த்திருக்கிறார். என்னிடம் வந்தபோது வகிடு முழுக்க மஞ்சள் செதில், பிசுபிசுப்பாக முடியோடு ஒட்டிக் கிடந்தது. நெற்றியோரமும் புருவமும் காதின் பின்புறமும் சிவந்து தோல் உரிந்திருந்தன. சொறிந்த இடங்களில் நீர் கசிந்துகொண்டிருந்தது. பின்னலின் நுனியோ வெடித்து, விரலில் சுற்றினாலே ஒடிந்தது.

அந்த அம்மா அன்பில்தான் செய்தார். ஆனால் ஊரில் முக்கால்வாசிப் பேர் செய்யும் அதே தவறு அது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொடுகு வறட்சியால் வருவதில்லை. நம் எல்லார் மண்டையிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை குடியிருக்கிறது. தோல் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. அந்த எண்ணெயை உடைத்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஓலீயிக் அமிலம் போன்ற மிச்சத்தைத் தோலின் மேல் விட்டுவிடும். சிலருடைய தோல் இதைத் தாங்கிக்கொள்கிறது. தாங்காதவர்களுக்கு எரிச்சல் வந்து, மேல்தோல் அவசர அவசரமாக வளர்ந்து, கொத்துக் கொத்தாக உதிர்கிறது. அதுதான் பொடுகு. நீங்கள் மேலே ஊற்றும் எண்ணெயும் அந்தப் பூஞ்சைக்குத் தீனிதான்.

நம்ப முடியவில்லையா? பொடுகு எந்த வயதில் தொடங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். வயதுக்கு வரும் பருவத்தில்தான், அதாவது எண்ணெய்ச் சுரப்பிகள் வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொடுகு வருவது அரிது. (அந்த வயதில் செதிலோடு முடி உதிர்ந்த திட்டும் இருந்தால் அது பெரும்பாலும் படை. அதற்கு மாத்திரை வேண்டும், ஷாம்பு மட்டும் போதாது. தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.)

‘எண்ணெய் வச்சா அடங்குதே டாக்டர்’ என்பார்கள். அடங்கவில்லை, செதில் எண்ணெயில் நனைந்து மண்டையோடு ஒட்டிக்கொண்டது. உதிராததால் கண்ணுக்குத் தெரியவில்லை. அடியில் பூஞ்சை பெருகிக்கொண்டிருக்கும், இரண்டு நாளில் முன்பைவிட அதிகமாக உதிரும். உண்மையிலேயே வறண்ட மண்டையும் உண்டு. அதில் செதில் பொடியாக, எண்ணெய்ப் பசையில்லாமல் இருக்கும், சிவப்பு இருக்காது, கை காலிலும் தோல் வறண்டிருக்கும். நம் சென்னைப் புழுக்கத்தில் அதை நான் பார்ப்பது குறைவு. பார்த்த அளவில் அவர்களில் பலர் உடம்புக்குப் போடும் சோப்பையே தலைக்கும் போடுபவர்கள்.

இனி ஷாம்புக்கு வருவோம். உங்கள் தலையில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று மண்டைத் தோல். அதற்கு உயிர் உண்டு, எண்ணெய் சுரக்கும், நோய் வரும், மருந்துக்குக் கேட்கும். இன்னொன்று முடி. வேரைத் தாண்டி வெளியே வந்துவிட்ட முடிக்கு நகத்தைப் போலவே உயிர் கிடையாது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பு வரை பின்னல் இருந்தால், அதன் நுனி நான்கைந்து வருட வெயிலையும் உப்புத் தண்ணீரையும் சீப்பையும் பார்த்தாகிவிட்டது. நேற்று முளைத்த வேரோரத்துக்கும் அந்த நுனிக்கும் ஒரே பாட்டிலில் தீர்வு தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஆகவே ஷாம்புவை மண்டைத் தோலைப் பார்த்து வாங்குங்கள். முடியின் நீளத்துக்கு வேண்டியதைக் கண்டிஷனர் கொடுக்கும். வறண்ட முடி, கலர் போட்ட முடி, ஸ்மூத்தனிங் செய்த முடி என்று எதுவாக இருந்தாலும் இதே கணக்குதான்.

பொடுகு இருப்பவர் செய்ய வேண்டியது இது. குளிப்பதற்கு அரைமணி நேரம் முன்னால், காதுக்குக் கீழே இருக்கும் முடிக்கு மட்டும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மண்டையில் படக்கூடாது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் இழக்காமல் காக்கிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அந்த வேலையைச் செய்யவில்லை. பாட்டி சொன்ன எண்ணெய் சரிதான், இடம்தான் மாற வேண்டும். பிறகு தலையை நனைத்து, வகிடு வகிடாகப் பிரித்து, கீட்டோகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து 2 சதவீதம் உள்ள ஷாம்புவை விரல் நுனியால் தோலில் தடவுங்கள். நகம் வேண்டாம். 5 நிமிடம் ஊற வேண்டும். போட்ட கையோடு கழுவிவிட்டு ‘மருந்து கேக்கல’ என்று வருபவர்கள் எத்தனையோ பேர். மருந்து வேலை செய்ய நேரம் கொடுத்தால்தானே கேட்கும்! அலசும்போது வழியும் நுரையே நீளத்துக்குப் போதும், பின்னலை உருட்டித் தேய்க்காதீர்கள். கடைசியில் கண்டிஷனரைக் கீழ்ப்பாதிக்கு மட்டும் போட்டு, இரண்டு நிமிடம் விட்டு அலசுங்கள்.

இது வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். இடையில் தலைக்குக் குளிக்கும் நாளில் மென்மையான சாதாரண ஷாம்பு. பொடுகு அடங்கியபின் மருந்து ஷாம்புவை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டால் கட்டுக்குள் இருக்கும். இது ஒரேயடியாக ஒழிந்துபோகிற நோய் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் ஷாப்பில் இதற்குப் பதிலாக செலினியம் சல்ஃபைடு என்ற இன்னொரு பொடுகு ஷாம்புவைக் கொடுத்தால், கலர் போட்டவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது, நிறம் மாறலாம். தார் கலந்த ஷாம்பு நரைத்த முடியில் கறை ஏற்றும்.

‘மருந்து ஷாம்புல சல்ஃபேட் இருந்தா ஸ்மூத்தனிங் போயிடுமே?’ என்பது அடுத்த கேள்வி. மேலே பூச்சாகப் படியும் கெரட்டின் வகை சீக்கிரம் கரையலாம் என்பது உண்மை. ரசாயனத்தால் முடியின் பிணைப்பையே உடைத்து நேராக்கியது ஷாம்புவால் சுருண்டுவிடாது. எப்படியானாலும் நீர் கசியும் மண்டையை வைத்துக்கொண்டு முடியின் பளபளப்பைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். முதலில் தோல் ஆறட்டும். பொடுகு இல்லாதவர், முடி மட்டும் சேதமானவர், தாராளமாக சல்ஃபேட் இல்லாததை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தினமும் எண்ணெய் வைப்பவர், ஹெல்மெட்டுக்குள் வியர்த்து மணலிக்கும் எண்ணூருக்கும் லாரிப் புழுதியில் போய்வருபவர் அதை மட்டும் நம்பினால் மண்டை சுத்தமாகாது.

விலையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து நாடு முழுக்கப் பழக்கியது நம் கடலூர். மண்டையில் நோய் எதுவும் இல்லாதவருக்குப் பெட்டிக்கடைப் பாக்கெட்டே போதும். மிச்சமாகும் காசில் ஒரு நல்ல கண்டிஷனர் வாங்குங்கள்.

தண்ணீரைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறியது பல பத்தாண்டுக் கதை. நம் தெருக்களிலும் பல வீட்டு போர் தண்ணீர் உப்புதான். கால்சியம் போன்ற உப்புகள் மிகுந்த அந்தக் கடின நீரில் சோப்பு நுரைக்காது, கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக முடியில் படியும். ஷாம்பு அப்படித் திரியாது. மேலும் சோப்புக் கட்டியின் பி.எச். அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 9, 10 என்று இருக்கும். மண்டைத் தோலுக்கு 5.5, முடிக்கு 3.67. சோப்பு போட்ட முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழுவது இதனால்தான். அண்ணன்மார்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தலைக்குச் சோப்பு போடாதீர்கள். போர் தண்ணீரில் குளித்தாலும் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் மெட்ரோ தண்ணீர் ஒதுக்குங்கள். குழாயில் மாட்டும் சின்ன ஃபில்ட்டர் கடினத்தன்மையை அவ்வளவாகக் குறைப்பதில்லை, அதற்குச் செலவு வேண்டாம்.

சீயக்காய் கேட்பவர்களுக்கு: மண்டை நன்றாக இருந்தால் தொடருங்கள். பொடுகுக்கு அது மருந்தாகாது. ஸ்மூத்தனிங் செய்த முடியில் அந்தத் தூள் சிக்கைத்தான் கூட்டும்.

எலுமிச்சைச் சாறு, வெங்காயச் சாறு, புளித்த தயிர் எதையும் சொறிந்து புண்ணான தோலில் ஊற்றாதீர்கள், தயவுசெய்து. டை அடித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ நெற்றியோரமும் காதும் அரித்து, கண் இமை வீங்கினால் அது பொடுகு இல்லை, டையிலுள்ள பி.பி.டி. என்ற பொருளுக்கு ஒவ்வாமை. ‘அமோனியா இல்லை’ என்று அட்டையில் போட்டிருந்தால் பி.பி.டி.யும் இல்லை என்று அர்த்தமாகாது. சில கருப்பு மருதாணிப் பொடிகளிலும் அது உண்டு. முதலில் முழங்கை மடிப்பில் தடவி 48 மணி நேரம் பாருங்கள். ஒருமுறை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மறுபடி தொடவே கூடாது.

கடைசியாக முடி கொட்டுவது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. வாரம் ஒருமுறை குளித்தால் சேர்ந்ததெல்லாம் அன்றைக்குக் கையோடு வரும். அதைப் பார்த்துப் பயந்து குளிப்பதைக் குறைத்தால் மண்டை இன்னும் கெடும். எந்த ஷாம்புவும் முடியை முளைக்க வைக்காது. மழைக்கால டெங்கு, டைபாய்டு, பிரசவம் எல்லாம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டும். பொங்கல் கழிந்து என் அறை நிறைவது இதனால்தான். இவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே திரும்ப வளரும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே கொட்டுதல் நிற்கவில்லை என்றால் ஷாம்புவை மாற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பது), தைராய்டு பாருங்கள் அம்மா.

நான்கு வாரத்தில் பொடுகு அடங்காவிட்டாலும், செதில் தடித்து வெள்ளி நிறத்தில் நெற்றிக்கு இறங்கினாலும், முடி திட்டுத்திட்டாகப் போனாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு க்ரீம் வாங்கித் தடவிக்கொண்டு வராதீர்கள், நோயின் உருவத்தையே அது மாற்றிவிடும். வரும் அன்று தலைக்கு எண்ணெயும் வேண்டாம், முந்தைய நாள் மருந்து ஷாம்புவும் வேண்டாம். செதிலும் சிவப்பும் இருப்பது இருந்தபடி தெரிந்தால்தான் எங்களால் சரியாகச் சொல்ல முடியும்.